வாடகைப் பெட்டி

கமில்லேரி வீட்டுச் சமையலறையில், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. அதை யாரும் தொடக்கூடாது. டெஸ்ஸி போட்ட சட்டம் அது. அவளே அதைத் துடைப்பாளே தவிர எடுத்துப் பேசமாட்டாள். அக்காவிடம் பேசுவதென்றாலும் கைப்பேசிதான், மளிகைக்கடைக்குச் சொல்வதென்றாலும் கைப்பேசிதான். இத்தனைக்கும் மலைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிற கெல்லர்ஸ் ஓடை என்கிற ஊரில் கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொண்டுதான் அது பேச வேண்டும். அந்த வைஃபையோ கூடத்தைத் தாண்டி வராது. டெஸ்ஸி கைப்பேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக் கத்திக் கத்திப் பேசுவாளே ஒழிய, அந்தத் தொலைபேசிப் பக்கம் போகமாட்டாள்.

"அவன் கூப்பிடுற நேரத்துல லைன் பிஸின்னு வந்துட்டா என்ன பண்றது?" என்பாள். "ஒரு தடவை விட்டா அடுத்த ஞாயிறுதான்."

அவன் என்பது கிளென். ஒரே மகன். தெற்கே காரில் நாலு மணி நேரம் போனால் வருகிற சிறையில் இருந்தான். அங்கேயிருந்து நினைத்த எண்ணுக்கெல்லாம் பேச முடியாது. முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கிய எண்ணுக்குத்தான் பேசலாம். இங்கேயிருந்து நாம் கூப்பிடவும் வழி கிடையாது. உள்ளே போன அன்று எண் கேட்டபோது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது இந்த ஒன்றுதான். சின்ன வயதில் எங்கேயாவது தொலைந்துபோனால் சொல்ல வேண்டும் என்று டெஸ்ஸி பாட்டாகச் சொல்லிக்கொடுத்த எண்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் அது அடிக்கும். அடித்ததும் டெஸ்ஸியின் புருஷன் சாரென் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போய்விடுவார். தூண்டில் கழிகளுக்கும் பழைய டயர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். மகன் உள்ளே போனதிலிருந்து அவனிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்கப் போனதுமில்லை.

அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். கரும்பு அரவை முடிந்த கையோடு ஆலைக்காரர்கள் வைத்த விருந்தில் குடித்துவிட்டு கிளென் வண்டியை எடுத்தான். பின்னால் திறந்த சரக்குத் தொட்டியில் ஏறிக்கொண்டவன் எதிர்வீட்டுப் பையன் ஷேன் ஃபருஜா. கரும்பு ரயில் தண்டவாளம் ரோட்டைக் கடக்கிற இடத்தில் வண்டி கவிழ்ந்தது. கிளென் முழங்கைக் கீறலோடு எழுந்தான். ஷேன் எழவில்லை.

அந்தக் கரும்பு ரயிலை ஓட்டுகிறவர் சாரென். அதற்குப் பிறகு வந்த அரவையில், கரும்புப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு அந்தக் கடவையைத் தாண்டும்போதெல்லாம் விதி சொல்கிற வேகத்தைவிட மெதுவாகத்தான் போனார். ஏன் தாமதம் என்று ஆலையில் ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

ஷேனின் அப்பா விக்டரும் சாரெனும் கூடப்பிறக்காத குறை. இருவருடைய அப்பாக்களும் மால்டா தீவிலிருந்து ஒரே கப்பலில் வந்து, ஒரே கொட்டகையில் படுத்து, கையால் கரும்பு வெட்டியவர்கள். பிள்ளைகளுக்கு ஒரே பள்ளிக்கூடம், அப்புறம் ஒரே ஆலை. இப்போது கோயிலில் விக்டர் முன்வரிசையிலும் சாரென் கடைசி வரிசையிலும் உட்காருகிறார்கள். பூசை முடிவதற்கு முன்பே சாரென் எழுந்து வந்துவிடுவார். வாசலில் முகத்துக்கு முகம் பார்த்துவிட்டால் என்ன செய்வது?

பிப்ரவரி மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, ஃபோன் பேசி முடித்த டெஸ்ஸி குடையில்லாமல் கொட்டகைக்கு ஓடிவந்தாள்.

"சாரென், அவனை விடப்போறாங்க. அரவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ஆனா வெளிய வந்தா எங்க தங்குவேன்னு விலாசம் கொடுக்கணுமாம். கொடுத்தா கொடுத்ததுதானாம். அப்புறம் இஷ்டத்துக்கு மாத்த முடியாதாம்."

சாரென் தட்டில் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

"'வீட்டுக்கு வரலாமான்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லும்மா'ன்னான். அடுத்த ஞாயிறு கூப்பிடுவான். மாசக் கடைசிக்குள்ள விலாசம் போகணும். நீ என்ன சொல்றே?"

"எதிர்ல விக்டர் வீடு இருக்கு."

"எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து அந்த ஜன்னலப் பாத்துக்கிட்டுத்தான் பாத்திரம் கழுவுறேன்."

"தினமும் காலைல இவன் வாசல்ல வந்து நிப்பான். விக்டர் பாக்கணும். இவன் சிரிச்சா அது பெத்தவ கோனி காதுல விழணும். அதையெல்லாம் யோசிச்சியா?"

"யோசிச்சேன்." டெஸ்ஸி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "அவன் சிரிக்கவே கூடாதா சாரென்?"

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. "அடுத்த ஞாயிறுக்குள்ள சொல்லு," என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

மழைக்காலத்தில் கரும்பு ரயில் ஓடாது. கரும்பு வயலில் ஆள் உயரத்துக்கு நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுநர்களெல்லாம் கடப்பாரை தூக்குகிற காலம் அது. மக்கிப்போன தண்டவாளக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் புதுசு போடுவார்கள். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, பழைய கட்டையை உருவி, புதுக்கட்டையைச் சேற்றில் தள்ளி, ஜல்லியை இறுக்க வேண்டும். கட்டையைப் புரட்டினால் அடியில் தவளைக் கூட்டம் உட்கார்ந்து முறைக்கும். சாரெனுக்கு ஜோடி நோயல். தென்கடல் தீவுகளிலிருந்து அந்தக் காலத்தில் கரும்பு வெட்டப் பிடித்துவரப்பட்டவர்களின் பேரன். பெருத்த உடம்பு, அதைவிடப் பெருத்த வாய்.

"நேத்து ஆலையிலேருந்து உனக்கு மூணு மெசேஜ் அனுப்பியிருக்கானுங்க," என்றார் நோயல், தேநீர் நேரத்தில். "பாலம் மூழ்கிருச்சு, மேட்டு வழியா வான்னு. நீ என்னடான்னா இடுப்பளவு தண்ணில வண்டிய விட்டுட்டு வந்து நிக்கிறே."

"வைஃபை வரல. மெசேஜ் இங்க வந்தப்புறம்தான் வந்துச்சு."

"உன் வீட்டு வைஃபைப் பெட்டி யாரோடது?"

"கம்பெனிது."

"வாடகைக்கா?"

"மாசாமாசம் பில்லுல சேத்துப் பிடிச்சுக்குவான்."

"எத்தனை வருஷமா?"

"இன்டர்நெட் வந்ததுலேருந்து."

நோயல் வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அடப் பைத்தியக்காரா! அந்த வாடகைல ஒரு படகே வாங்கியிருக்கலாமேடா! கடையில போயி சொந்தமா ஒரு பெட்டி வாங்கி மாட்டு. பழசை அவன் தலையிலேயே திருப்பிக் கட்டு. நான் மாட்டினேன். இப்போ என் கோழிக்கூண்டு வரைக்கும் வைஃபை வருது. கோழிங்க எல்லாம் ராத்திரி பகலா படம் பாக்குதுங்க."

"கஷ்டமான வேலையா?"

"என்னாலயே முடிஞ்சுதுன்னா பாரேன்."

நோயல் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் நோயல் வீட்டில் தொலைபேசி கிடையாது. அதனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டார், விட்டது அவருக்கே தெரியாது.

சாரென் தக்காளி தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். ஒரு வாரமாக அவர் தலைக்குள் கிளென் கேட்ட கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குக் கை வைக்க ஓர் இடமில்லை. பெட்டி அப்படியில்லை. கழற்றலாம், மாட்டலாம். சனிக்கிழமை காலையில் மேட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு மக்காய் நகரத்துக்குப் போய் ஒரு கருப்புப் பெட்டி வாங்கி வந்தார். அதற்கு நாலு கொம்பு.

"நாளைக்கு அவன் கூப்பிடுவான்," என்றாள் டெஸ்ஸி. "இன்னிக்குப் போயி எதுக்கு அதை நோண்டுறே? திங்கக்கிழமை பண்ணக்கூடாதா?"

"நெட்டுக்கும் ஃபோனுக்கும் என்னடி சம்பந்தம்?"

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். அவர் மேல் ஆயிரம் குற்றம் சொல்லலாம், அன்றைக்கு அவர் மனதில் கள்ளம் இல்லை. பழைய வெள்ளைப் பெட்டியைத் திருப்பி வயர்களைக் கழற்றினார். தடித்த வயர் புதுப்பெட்டியில் சரியாக உட்கார்ந்தது. விளக்குகள் கண்ணடித்தன. கடைசியாக மெல்லிய வயர் ஒன்று கையில் மிஞ்சியது. தொலைபேசியிலிருந்து வருகிற வயர். புதுப்பெட்டியின் முதுகில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன, இந்த வயருக்கு ஏற்ற சின்ன ஓட்டை ஒன்றுகூட இல்லை.

சுவரைப் பார்த்தார். அடியில், வண்ணம் பூசிப் பூசி மழுங்கிப்போன பழைய தொலைபேசி சாக்கெட் இருந்தது. அவருடைய அப்பா காலத்திலிருந்து ஃபோன் அங்கேதான் மாட்டியிருந்தது. இடையில் இந்த வெள்ளைப் பெட்டி வந்தபோதுதான் எவனோ கழற்றிப் பெட்டியில் செருகிவிட்டுப் போனான். சாரென் கத்தி முனையால் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு வயரைச் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது. தொலைபேசியின் சின்னத் திரையில் எப்போதும்போல் மணி தெரிந்தது. அந்தத் திரைக்குத் தனி மின்வயர். லைன் செத்தாலும் அது மணி காட்டும்.

"எடுத்துப் பாக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம், வைக்காதே கையை. சில சமயம் சனிக்கிழமையே கூப்பிடுவான்."

வைஃபை கொட்டகை வரைக்கும் வந்தது. அங்கே உட்கார்ந்து மழை எப்போது விடும் என்று கைப்பேசியில் பார்த்தார். விடாது என்று காட்டியது.

ஞாயிறு டெஸ்ஸி டிம்பானா செய்தாள். மக்ரோனியை இறைச்சியோடும் முட்டையோடும் கலந்து, மேலே மாவு மூடிச் சுட்டெடுப்பது. கிளெனுக்குப் பிடித்தது. அவன் அங்கே சாப்பிடப்போவதில்லை என்றாலும், "இன்னிக்கு என்னம்மா?" என்று கேட்டால் சொல்வதற்காவது செய்வாள். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். சாரென் தட்டைத் தூக்கத் தயாராக விளிம்பில் விரலை வைத்திருந்தார். மேல்மாவு ஆறிச் சவத்துப்போனது. ஃபோன் அடிக்கவில்லை.

"உள்ள ஏதாச்சும் சண்டையா இருக்கும்," என்றாள் டெஸ்ஸி கடைசியில். "சண்டைன்னா எல்லாரையும் அடைச்சு வச்சிருவாங்க. போன வருஷம் அப்படித்தானே?"

"இருக்கும்."

சாயங்காலம் அவள் கோழிகளை அடைக்கப் போனபோது சாரென் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். ம்ம் என்று ஓர் இரைச்சல் வருமே, அது வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வயர் போன வழியைக் கண்ணால் தொடர்ந்தார். சுவரடி சாக்கெட்டில் போய் முடிந்தது. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. வெள்ளைப் பெட்டி மாட்டவந்த ஆள் போகும்போது சொன்னான்: 'இனிமே அந்தச் சுவர்ல உயிர் இல்லை, ஃபோன் இந்தப் பெட்டி வழியாத்தான்.' சொல்லியிருந்தான். அவர்தான் மறந்துவிட்டார்.

டெஸ்ஸியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பழைய பெட்டி கொட்டகையில் மேசைமேல் கிடந்தது. எடுத்துவந்து மாட்டினால் தேநீர் கொதிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் அவருக்குள் ஏதோ ஒன்று கைகாலை நீட்டிப் படுத்தது. நிம்மதி என்றுதான் அதைச் சொல்ல வேண்டும், வேறு நல்ல பேர் அதற்கு இல்லை. வா என்று சொன்னால் விக்டர் முகத்தில் விழிக்க முடியாது. வராதே என்றால் டெஸ்ஸி முகத்தில் விழிக்க முடியாது. இந்தச் சனியன் அடிக்காதவரை இரண்டையும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தார்.

டெஸ்ஸி முட்டைகளோடு உள்ளே வந்தாள். "ஃபோனைத் தொட்டியா?"

"தூசி," என்றார் சாரென்.

அந்த வாரம் முழுக்க டெஸ்ஸி அவரைத் துரத்தினாள். சோறு போடும்போது கேட்டாள், துணி காயப்போடும்போது கேட்டாள். வராந்தாவில் காயாத துணிகளுக்கு நடுவில் நின்று, "அவன் கூப்பிட்டா நான் என்னத்தைச் சொல்றது?" என்றாள்.

"ஃபோன் வரட்டும். சொல்றேன்."

"நிஜமா?"

"வரட்டும்னேன்ல."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுப்பதாக இருந்தால் இப்போதே மறுத்திருப்பாரே என்று எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது. அன்றைக்கே கிளெனின் அறையைத் திறந்து, மெத்தையைச் சுவரில் சாய்த்துக் காற்றாட வைத்தாள். மழைக்காலத்தில் என்ன காற்று வரும்? பூசணம்தான் வந்தது. வினிகர் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சாரென் அந்த அறை வாசலைத் தாண்டும்போது வேகமாக நடந்தார்.

"பழைய பெட்டிய அனுப்பிட்டியா?" என்று நோயல் தண்டவாளத்தில் கேட்டார். "வச்சிருந்தேன்னா அதுக்கும் வாடகை போட்டுக்கிட்டே இருப்பான். விடாக்கண்டனுங்க."

அனுப்பவில்லை. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். மூடியும் அங்கேதான் இருந்தது. அது அங்கே இருக்கிறவரை அவர் தெரிந்தே செய்கிறவர். போய்விட்டால் பெட்டி மாட்டத் தெரியாத வெறும் கிழவர். இப்படி ஒரு கணக்கைப் போட்டு, வேலைக்குப் போகிற வழியில் தபால் நிலையத்தில் அதைக் கொடுத்துவிட்டார். திரும்பி வண்டியில் ஏறியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டார். குளிர் என்று நினைத்துக்கொண்டார். அந்த ஊரில் பிப்ரவரியில் குளிராது.

அடுத்த ஞாயிறும் ஃபோன் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. டெஸ்ஸி இப்போது சண்டை என்று சொல்வதை விட்டுவிட்டாள். காய்ச்சலோ என்றாள். கையை உடைத்துக்கொண்டானோ என்றாள். பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம் என்றால் தெற்கு ரோடு தண்ணீரில் கிடந்தது. இரண்டு தட்டும் போட்டவள் தன் தட்டில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

"என்மேல கோவமா இருப்பானோ?" என்று ஒரு நாள் கேட்டாள். "போன தடவை 'நல்லா சாப்பிடுடா'ன்னு சொன்னேன். ஜெயில்ல இருக்கறவன்கிட்ட அப்படிச் சொல்லலாமா?"

சாரென் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாள். முதல் நாள் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். இப்போது அது அவரால் தூக்க முடியாத பாரமாகிவிட்டது.

மாதம் முடிந்த மறுநாள், மத்தியானம் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தபோது கோனி ஃபருஜா ரோட்டைத் தாண்டி வந்தாள். ஷேனைப் புதைத்ததிலிருந்து அவள் அந்த ரோட்டைத் தாண்டியதில்லை. ரப்பர் ஷூக்களோடு படியில் நின்றாள்.

"உள்ள வா கோனி," என்றாள் டெஸ்ஸி.

"ஷூவெல்லாம் சேறு."

"பரவால்ல, ஷூவோடயே வா."

கோனி வந்தாள். உட்காரவில்லை. மேசையருகில் இருந்த சாரெனைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள். "ஃபோன் பண்ணேன் டெஸ்ஸி. திரும்பத் திரும்பப் பண்ணேன். தொடர்பு கொள்ள முடியாதுன்னே சொல்லுது. என் நம்பரப் பாத்துட்டுத்தான் நீங்க எடுக்கலன்னு நெனச்சேன். விக்டர்தான், 'நடந்தே போயிட்டு வா'ன்னு சொன்னான்."

"விக்டரா?"

"கிளென் வெளிய வர்றதப் பத்தி எங்களுக்கு ஏதாச்சும் ஆட்சேபம் உண்டான்னு ஜெயில்லேருந்து கேட்டிருந்தாங்க. விக்டர் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. அப்புறம் சொன்னான், 'நாம எதிர்த்துச் சொல்ல ஒண்ணுமில்ல கோனி. அவன் வேற எங்க போவான், அவன் வீட்டுக்குத்தானே வருவான்'னு." கோனி மூச்சு வாங்கிக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு வர வேண்டாம். எங்ககிட்ட பேச வேண்டாம். ஆனா அவன் இங்க வந்து இருக்கறதுக்கு நாங்க குறுக்க நிக்கல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

டெஸ்ஸி அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் சட்டென்று திரும்பித் தொலைபேசியைப் பார்த்தாள். 'தொடர்பு கொள்ள முடியாது' என்ற சொல் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போய் ரிசீவரை எடுத்தாள். தானே போட்ட சட்டத்தை மீறி அதைக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சாரெனைப் பார்த்தாள். ஃபோன் செத்துக் கிடக்கிறது என்றால் ஒரு மனுஷன் பதறி எழ வேண்டாமா? சாரென் எழவில்லை. மேசைத் துணியின் பூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூசின்னு சொன்னே," என்றாள் டெஸ்ஸி.

கோனிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அங்கே நிற்கக்கூடாது என்று மட்டும் புரிந்தது. வந்தவழியே போய்விட்டாள். சமையலறைத் தரையில் அவளுடைய சேற்றுத் தடம் கிடந்தது.

"எப்பத் தெரியும்?"

"முதல் ஞாயிறு."

"பழைய பெட்டி எங்க?"

"அனுப்பிட்டேன்."

"தெரிஞ்சதுக்கு அப்புறமா?"

அவர் ஆமாம் என்று தலையசைத்தார். டெஸ்ஸி கத்துவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அடுப்பை அணைத்தாள். துணியை நனைத்துத் தரையில் குனிந்து கோனியின் தடத்தைத் துடைத்தாள். "மூணு வாரம்," என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். "மூணு வாரமா நான் சாகிறதப் பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்கே."

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும் அவள் தனியாகப் பஸ் ஏறினாள். வருகிறேன் என்று சாரென் சொன்னதற்கு, "நீயா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டிருக்கான். தொடர்பு கொள்ள முடியாதுன்னு வந்திருக்கு. 'அதுதான் அப்பாவோட பதில்னு எடுத்துக்கிட்டேம்மா'ன்னான். கோவமே இல்ல சாரென் அவனுக்கு. அதான் என்னால தாங்க முடியல."

"விலாசம்?"

"கொடுத்துட்டான். பிரிஸ்பேன் பக்கம் ஒரு விடுதி. அங்க கறி வெட்டுற ஆலையில வேலை. எல்லாம் ஒத்துக்கிட்டாங்களாம். அனுமதி இல்லாம ஊரைவிட்டு நகரக்கூடாதாம். கோனி சொன்னதைச் சொன்னேன். மேசையவே பாத்துக்கிட்டு இருந்தான். உன்னை மாதிரியே."

சாரென் நின்றுகொண்டே இருந்தார்.

"ஃபோனு எப்படிக் கெட்டுச்சுன்னு கேட்டான். பெட்டி மாத்தினதுல ஆயிருச்சு, அப்பாவுக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேன். என் புள்ளைகிட்ட இதுவரைக்கும் நான் பொய் சொன்னதில்ல." அவள் எழுந்தாள். "என் பங்கு அவ்வளவுதான். மிச்சத்தை நீ சொல்லு. இல்ல, சொல்லாமயே போ. எனக்காகச் சொல்லாதே."

சாரென் கம்பெனிக்குப் பேசி மறுபடியும் வாடகைப் பெட்டி வரவழைத்தார். அதே வெள்ளைப் பெட்டி, அதே வாடகை. எண் மாறவில்லை, பெட்டிதான் வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்த நோயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படகை வித்துட்டு மறுபடியும் நீச்சலா? உனக்கெல்லாம் யோசனை சொன்னேன் பாரு!" சாரென் கடப்பாரையை ஓங்கி ஜல்லியில் குத்திக்கொண்டிருந்தார். நோயலின் சிரிப்பு பாதியில் நின்றது. அன்றைக்கு முழுக்கக் கட்டையின் கனமான முனையை அவரே தூக்கிக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மழை விட்டு, வெயில் ஈரத்தில் விழுந்து ஊரே புழுங்கியது. டெஸ்ஸி வெறும் சூப்பு வைத்திருந்தாள். உட்கார்ந்து இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை, ஃபோன் அடித்தது.

டெஸ்ஸி எழுந்தாள். தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து கொட்டகைக்குப் போய்விட்டாள்.

சாரென் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. போய் எடுத்தார். ஒரு பெண்குரல் பேசியது. உயிரில்லாத, பதிவுசெய்த குரல். இது சிறையிலிருந்து வருகிற அழைப்பு, பேசுவது பதிவாகும், ஏற்பதானால் ஒன்றை அழுத்துங்கள் என்றது. டெஸ்ஸி ஒவ்வொரு வாரமும் கேட்ட குரல், அவர் கேட்டதேயில்லை. பழைய பொத்தான்களில் ஒன்றாம் எண் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அழுத்தினார்.

"அம்மா?"

சாரென் வாயைத் திறந்தார்.

"அம்மா, கேக்குதா?"

"நான்தான்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள், கதவு ஒன்று மோதியது. "அப்பாவா?" என்றான் கிளென். குரல் கனத்துப்போயிருந்தது. ஒரு பெரிய ஆளின் குரல். "ஃபோன் சரியாயிருச்சா? அம்மா சொன்னாங்க, புதுப் பெட்டியில ஃபோன் மாட்ட ஓட்டையே இல்லையாமே?" சிரிக்கப் பார்த்தான். "பரவால்லப்பா. யாருக்குத் தெரியும் அதெல்லாம்?"

அந்தப் பொய் அவர் முன்னால் பாய் விரித்துக் கிடந்தது. ஆமாம்டா என்றால் போதும். மகன் அதை நம்பிக்கொண்டு பிரிஸ்பேனுக்குப் போவான், கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவான். சாரெனுக்கு அந்த ஒரு சொல்லின்மேல் அப்படி ஒரு ஆசை வந்தது.

"முதல் ஞாயிறே எனக்குத் தெரியும்டா," என்றார். "எடுத்துப் பாத்தேன். செத்துக் கிடந்துச்சு. பெட்டி கையிலயே இருந்துச்சு. நான் மாட்டல."

வயருக்குள் இரைச்சல் மட்டும் வந்தது. வெகுதூரத்தில் யாரோ யார் பேரையோ கூப்பிட்டார்கள்.

"சரி," என்றான் கிளென்.

"உங்கம்மாவுக்கு அப்போ தெரியாது."

"சரிப்பா."

அவன் வைத்துவிடுவான் என்று சாரென் காத்திருந்தார். அவன் வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்டது. சின்ன வயதில் ரயில் எஞ்சினில் மடியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான், அந்த மூச்சு இது இல்லை என்று அவருக்கு ஏனோ தோன்றியது. நேரம் முடியப்போகிறது என்று பீப் ஒலி வந்தது.

"அங்க மழை விட்டுருச்சா?" என்றான் கிளென்.

"இன்னிக்குத்தான் விட்டுச்சு."

"கரும்பு?"

"நிக்குது. நல்லா நிக்குது."

அத்தோடு பேச்சு அறுந்தது. இரண்டு பேரில் யாரும் வைக்கவில்லை, நேரம் முடிந்து மிஷின்தான் அறுத்தது. அதற்குப் பிறகு அந்த ஓசை வந்தது. ம்ம் என்று, இடைவிடாமல். சாரென் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

பின்கதவில் டெஸ்ஸி வந்து நின்றாள். கையில் கிண்ணம், சூப்பு அப்படியே இருந்தது.

"என்ன சொன்னான்?"

"மழை விட்டுருச்சான்னு கேட்டான்," என்றார் சாரென்.

அவள் உள்ளே வந்து, அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கி அதனிடத்தில் வைத்தாள். லைன் பிஸியாக இருக்கக்கூடாது.